கோளாறை விலைக்கு விற்ற பெட்டி

மின் கித்தாரின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று 1950களில் ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளரிடம் கேட்டிருந்தால், தெளிவாக இருக்க வேண்டும் என்றுதான் பதில் வந்திருக்கும். ஒலி கரகரத்தால் எங்கோ பழுது என்று பொருள்; அதை நீக்குவதே அவருடைய தொழில். நீக்க வேண்டிய அந்தக் கரகரப்பைப் பின்னர் கலைஞர்கள் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். காலால் மிதித்து இயக்கும் டிஸ்டார்ஷன் பெடலின் வரலாறு இந்த முரணில்தான் தொடங்குகிறது.

கரகரப்புக்கு ரசிகர்கள் முன்பே இருந்தார்கள். 1951இல் ஐக் டர்னரின் குழு ‘ராக்கெட் 88’ பாடலைப் பதிவு செய்ய அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்கு வந்தபோது, கித்தார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் சேதமடைந்திருந்தது. எப்படிச் சேதமானது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பதிவாளர் சாம் பிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார். அந்த உறுமல் இசைத்தட்டில் நிலைத்துவிட்டது. 1958இல் லிங்க் ரே, தம் ஒலிபெருக்கியின் கூம்பில் பென்சிலால் வேண்டுமென்றே துளையிட்டு ‘ரம்பிள்’ வாசித்தார். ஒரு சொல்கூட இல்லாத அந்த இசையைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன என்பது வேடிக்கையானது.

ஆனால் துளையிட்ட கூம்பைத் திரும்பத் தைக்க முடியாது. ஒரு பாடலுக்கு உறுமல், அடுத்த பாடலுக்குத் தெளிவு என்று நினைத்த நேரத்தில் மாற்றவும் வழியில்லை.

அந்த வழி நாஷ்வில் நகரில் கிடைத்தது. மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடல் பதிவின்போது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கித்தாரின் ஒலி, கலவை மேசையின் ஒரு பகுதி கோளாறானதால் வண்டு ரீங்கரிப்பது போல வந்தது. மீண்டும் பதிவு செய்யாமல் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961இல் வெளியான பாடல் அமெரிக்காவின் கண்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு மற்றவர்களும் அந்த ஒலியைக் கேட்டு வந்தார்கள். அதற்குள் மேசையின் அந்தப் பகுதி முற்றாகச் செயலிழந்துவிட்டது! பழுதைச் சரிசெய்யப் படித்த பொறியாளர் கிளென் ஸ்னோடி, அதே பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மறுபடியும் உருவாக்க வேண்டியதாயிற்று. ரெவிஸ் ஹாப்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வடிவமைத்த சுற்றை கிப்சன் நிறுவனம் வாங்கி, 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது.

முதலாண்டில் 5,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் கடைகளுக்குப் போயின. அடுத்த ஈராண்டுகளில் விற்பனை கிட்டத்தட்ட நின்றே போனது. ஏன்? கித்தாரை எக்காளம், டியூபா போன்ற காற்றுக் கருவிகளாக ஒலிக்கச் செய்யும் பெட்டி என்று நிறுவனம் அதை விளம்பரப்படுத்தியது. எக்காளம் வேண்டியவர் எக்காளக் கலைஞரையே அழைத்துக்கொள்வார் அல்லவா? பொருள் நல்ல பொருள்தான். விற்றவர்களுக்குத்தான் அது என்னவென்று விளங்கவில்லை. இங்கிலாந்தில் 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ‘யூ ரியலி காட் மீ’ பாடலுக்காகச் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் கூம்பைச் சவர அலகால் கிழித்தார். ஈராண்டுக்கு முன்பே பெட்டி வந்துவிட்ட நிலையிலும் அலகுதான் கைகொடுத்தது.

நிலைமையை மாற்றியது 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவு செய்த ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’. அதன் தொடக்க இசையைக் கீத் ரிச்சர்ட்ஸ் இந்தப் பெட்டியின் வழியாக வாசித்தார். அவரும் அதை எக்காளங்களுக்கான மாதிரியாகவே எண்ணியிருந்தார். மாதிரியே பாடலாக வெளிவந்து உலகை ஆட்டிப்படைத்தது. கிப்சனின் கையிருப்பும் தீர்ந்தது. அதே ஆண்டில் ஓட்டிஸ் ரெடிங் அப்பாடலை உண்மையான எக்காளங்களுடன் பாடினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது கித்தாரின் கரகரப்பே.

பெட்டிக்குள் நடப்பது என்ன? தந்தியின் அதிர்வு மின் அலையாக வருகிறது. பெடல் அதைப் பன்மடங்கு பெருக்கி, ஒரு வரம்புக்கு மேல் எழும் முகடுகளைச் சீவிவிடுகிறது. வேலியின் செடிகளை ஒரே உயரத்தில் கத்தரிப்பது போலத்தான். சீவிய அலையில் மூலச் சுரத்துக்கு மேலே பல இணைச்சுரங்கள் பிறக்கின்றன. மெல்லிய ஓசையும் வலிய ஓசையும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிவருவதால், தந்தி ஓய்ந்த பின்னும் சுரம் நீண்டு நிற்பதாகத் தோன்றுகிறது.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியே ஜீவா என்னும் சிறு நூலைச் செருகி, அந்த ரீங்காரத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். வழி வேறு, இணைச்சுரங்களின் செழுமை மீதுள்ள ஆசை ஒன்றே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கரகரப்பு மிகும்போது முழு மேல்நாட்டுச் சுரக்கூட்டு குழம்பிப் போகும். காந்தாரம் மற்றவற்றோடு சண்டையிடும். எனவே ராக் கலைஞர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு, ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். தம்புராவில் வழக்கமாகச் சுருதி கூட்டுவதும் அவ்விரண்டையுமே!

1970களில் இந்தத் தொழிலில் ஜப்பான் வலுவாகக் கால் பதித்தது. ரோலண்ட் நிறுவனத்தின் பாஸ் பிரிவு 1978இல் வெளியிட்ட ஆரஞ்சு நிற டிஎஸ்-1 பெடலில் மூன்றே திருகுகள்: ஒலியளவு, தொனி, கரகரப்பு. புதிதாக வாங்குகிறவர் கரகரப்புத் திருகை முழுவதும் திருப்பிவிட்டு, தேனீக்கூடு கலைந்தது போலிருக்கிறதே என்று நொந்துகொள்வது வழக்கம். தொனித் திருகுதான் உண்மையில் பொறுமையைச் சோதிக்கும். வலக்கோடியில் ஒலி காதைக் குத்தும்; இடக்கோடியில் அடித்தொனி மண்டிவிடும். அனுபவசாலிகள் பலர் கரகரப்பைக் குறைத்து ஒலியளவை உயர்த்தி, வால்வு ஆம்ப்ளிஃபயரையே உறும வைப்பார்கள். கித்தாரிலுள்ள ஒலித் திருகைச் சற்றே குறைத்தாலும், பெடலைத் தொடாமலேயே உறுமல் தணியும்.

விலை குறைவு என்பதால் மாணவர்களிடமும் வசதியற்ற குழுக்களிடமும் அது எளிதாகப் போய்ச் சேர்ந்தது. 1991இல் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பால் புகழடைந்த நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் பயன்படுத்திய பெடல்களில் இதுவும் ஒன்று. கிளென் ஸ்னோடி 2018இல் தமது 96ஆம் வயதில் காலமானார். அவருடைய பழுதின் வழிவந்த டிஎஸ்-1க்கு அதே ஆண்டில் 40 வயது நிறைந்தது. ஜப்பானில் செய்த பழைய பெட்டிகளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்று கூடுதல் விலை தருகிறார்கள். பின்னர் அதன் உற்பத்தி தைவானுக்குச் சென்றது. அண்மைய ஆண்டுகளில் வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ‘மேட் இன் மலேசியா’ என்றிருக்கும்.