மிகைப்பற்றும் முறையீடும்: எடின்பரோ முதல் இலண்டன் வரை

எடின்பரோவில் 1727ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, அடுத்த ஆண்டே வில்லியம் ஹாக் என்னும் வணிகருக்கு, அவர் கணக்கில் இருந்த தொகைக்கும் மேலாக 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள இசைவளித்தது. கணக்கில் உள்ளதைத் தாண்டிப் பணம் எடுக்க வங்கி தரும் இந்த இசைவே மிகைப்பற்று, அதாவது ஓவர்டிராஃப்ட். அதன் முதல் எடுத்துக்காட்டாக வங்கி வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இந்த நிகழ்வையே காட்டுகின்றனர். விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேரும் வரை வணிகருக்குக் கைமுதல் கிடைத்தது. 1695இல் நிறுவப்பட்ட பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துடன் போட்டியிட்ட புதிய வங்கிக்கோ, தன் நோட்டுகளைப் புழக்கத்தில் விட ஒரு வழி கிடைத்தது. இந்திய வங்கிகளில் சிறுதொழில் நடத்துவோர் ‘சி.சி.’ என்று சொல்லிக் கேட்கும் ரொக்கக் கடனும் இந்த ஸ்காட்லாந்து முறையின் வழிவந்ததே.

இம்முறையின் உள்ளியக்கத்தை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர்கள் இருவர். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் வணிகச் சமநிலை பற்றிய தம் கட்டுரையில், கடன் பெற்றவர் 20 பவுண்டு போன்ற சிறு தொகையைக்கூட விரும்பும்போது திருப்பிச் செலுத்தலாம் என்றும், செலுத்திய நாளிலிருந்தே அதற்குரிய வட்டி குறைந்துவிடும் என்றும் குறிப்பிட்டார். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில் இன்னும் ஆழமாகச் சென்று, வங்கிகள் எதைக் கவனித்தன என்பதையே விளக்கினார். நான்கு, ஐந்து அல்லது எட்டு மாதம் போன்ற குறுகிய காலத்துக்குள் ஒரு வாடிக்கையாளர் திருப்பிச் செலுத்தியதும் வங்கி அவருக்குக் கொடுத்ததும் ஏறத்தாழ ஈடாகின்றனவா என்பதை வங்கி பார்த்துக்கொண்டே இருக்கும். ஈடாகவில்லையெனில், அவருடன் அதே முறையில் தொடர்வது ஆபத்து என்று முடிவுசெய்யும். வாய்க்கால் வழியே வெளியேறும் நீரளவுக்கு மறுபுறம் நீர் வந்துகொண்டிருந்தால் குளத்தின் மட்டம் குறையாது என்பது ஸ்மித் காட்டிய உவமை. இதைவிட முக்கியமானது அவர் சொன்ன மற்றொரு செய்தி: கடனாளியின் தொழில் வளர்கிறதா, தேய்கிறதா என்பதை அறிய வங்கிக்கு வேறு சான்று எதுவும் வேண்டியதில்லை, அதன் பேரேடே போதும். கண்காணிப்பு என்பது மிகைப்பற்றுக்குப் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட கட்டுப்பாடு அன்று, அது பிறந்தபோதே உடன்பிறந்தது என்பதற்கு இப்பகுதியே போதிய ஆதாரம்.

அந்தக் கண்காணிப்பு தளர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை பிரிட்டனில் நடப்புக் கணக்கு பெரும்பாலும் வசதி படைத்தோருக்கும் வணிகருக்கும் உரியதாக இருந்தது. கிளை மேலாளர் தம் வாடிக்கையாளரை நேரில் அறிந்திருந்தார். தொழிலாளர் கூலியை ரொக்கமாகவே தரவேண்டும் என்ற பழைய சட்டங்களை 1986ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் நீக்கியது. வாரக்கூலி பெற்றவர்களும் வங்கிக் கணக்குக்கு வந்தனர். இதற்குச் சற்று முன், 1984இல், கணக்கில் பணம் இருக்கும் வரை கட்டணம் இல்லை என்று மிட்லண்ட் வங்கி அறிவிக்க, பிற வங்கிகளும் அதைப் பின்பற்றின. கணக்கு நடத்தும் செலவு இதனால் மறைந்துவிடவில்லை. இருப்பு தீர்ந்தவர்கள் தலையில் அது ஏறியது. முன்னிசைவு இன்றி எல்லை தாண்டினாலோ, பணமில்லாமல் ஒரு செலுத்துகைக் கட்டளை திரும்பினாலோ, ஒவ்வொரு முறைக்கும் 30 பவுண்டுக்கும் மேல் பிடிக்கும் வழக்கம் உருவாயிற்று. அவ்வாறு பிடித்த தொகையே அடுத்த மாத இருப்பை மீண்டும் எல்லைக்கு வெளியே தள்ள, ஒரு கட்டணம் மறு கட்டணத்தை ஈன்றது. வறியவரின் பற்றாக்குறையைக் கொண்டு மற்றவரின் இலவசச் சேவையை நடத்திய இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல வழியில்லை.

2006ஆம் ஆண்டுக்குப் பின் லட்சக்கணக்கானோர் இக்கட்டணங்களைத் திருப்பிக் கேட்டு வங்கிகளுக்குக் கடிதம் எழுதினர்; பலர் மாவட்ட நீதிமன்றங்களையும் நாடினர். நுகர்வோர் நலனை அப்போது காத்துவந்த அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகம், ஏழு வங்கிகளையும் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தையும் எதிர்த்து 2007இல் சோதனை வழக்குத் தொடர்ந்தது. சோதனை வழக்கு என்பது, ஒரே சிக்கல் பல வழக்குகளில் எழும்போது அதை ஒருமுறை தீர்த்துக்கொள்ளத் தொடுக்கப்படுவது. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அலுவலகத்தின் பக்கம் நின்றன. ஆனால் 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம், அக்கட்டணங்கள் வங்கிச் சேவை முழுமைக்கும் தரப்படும் விலையின் ஒரு பகுதி என்றும், 1999ஆம் ஆண்டின் ஒப்பந்த விதிகளின்கீழ் அந்த விலை மிகுதியானதா என்று ஆராய இடமில்லை என்றும் தீர்ப்பளித்தது. திருப்பிக் கேட்டுக் காத்திருந்தவர்களின் நம்பிக்கை அன்றே தகர்ந்தது.

ஆயினும் முறையீடு அத்துடன் ஓயவில்லை. அதன் கேள்விதான் மாறியது. கட்டணம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, தாங்கமுடியாதவருக்குக் கடனை ஏன் நீட்டித்தீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்கலாயினர். நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பான நிதி நடத்தை ஆணையத்தின் ஆய்வும் அதே திசையைக் காட்டியது: 2016இல் முன்னிசைவற்ற மிகைப்பற்றுக் கட்டணங்களில் பாதிக்கும் மேலானதைச் செலுத்தியவர்கள் வாடிக்கையாளர்களில் வெறும் 1.5 விழுக்காட்டினர். மீண்டும் மீண்டும் மிகைப்பற்றில் விழுவோரை வங்கிகளே கண்டறிந்து உதவவேண்டும் என்ற விதி 2019 டிசம்பரிலும், நிலையான கட்டணங்களை ஒழித்து ஒரே ஆண்டு வட்டி விகிதத்தை மட்டும் அனுமதிக்கும் விதி 2020 ஏப்ரல் 6ஆம் நாளிலும் நடைமுறைக்கு வந்தன. இதன்பின் பல வங்கிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு வட்டி அறிவித்ததால், முன்னிசைவு பெற்றே கடன் வாங்கிவந்த சிலருக்குச் சுமை கூடியதையும் மறுப்பதற்கில்லை.

இன்று இத்தகைய முறையீட்டைத் தீர்ப்பது, 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள், சந்தைகள் சட்டத்தால் அமைந்த நிதிக் குறைதீர்ப்பாளர் சேவை. அது முதலில் எடுத்துப் பார்ப்பது கணக்கறிக்கையைத்தான்: சம்பளம் வரவாகும் நாளில் இருப்பு மேலேறி, ஓரிரு நாளில் மீண்டும் எல்லையைத் தொடுகிறதா, மாதக்கணக்கில் ஒருமுறையேனும் கணக்கு வரவு இருப்புக்குத் திரும்பியதா, சம்பள முன்கடன் நிறுவனங்களின் பெயர்கள் அதில் தென்படுகின்றனவா என்று ஆராய்கிறது. ஸ்மித் சுட்டிய பேரேட்டுச் சோதனையும் இதுவே. வங்கி செய்யத் தவறியதை வெளியார் ஒருவர் செய்கிறார். வங்கி விழித்திருக்க வேண்டிய நாள் இதுவென்று முடிவானால், அந்நாளுக்குப் பிந்தைய வட்டியும் கட்டணமும் கணக்கிலிருந்து நீக்கப்படும். மீதி வாடிக்கையாளருக்கு வரவேண்டியிருந்தால், வழக்கமாகத் தனிவட்டியுடன் வழங்கப்படும். முறையீட்டை முதலில் வங்கியிடமே தரவேண்டும். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ குறைதீர்ப்பாளரை அணுகலாம். இறுதிப் பதில் வந்திருந்தால், அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் அணுகவேண்டும். வாடிக்கையாளருக்கு இதில் கட்டணம் இல்லை. ஆனால் வங்கியிடம் பெற்ற அசலை அவர் திருப்பிச் செலுத்தியே ஆகவேண்டும்.