உயிர் காலேஜுக்கு எவ்வளவு தூரம்?

பையனுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட். மேப்பில் பெரம்பூர் வீட்டைச் சுற்றி 300 மீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே பூங்கா இருக்கான்னு பார்க்கணுமாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2017-ல் சொன்ன கணக்கு இது. அரை ஹெக்டேராவது இருக்கும் பசுமையான இடம், நேர்க்கோட்டில் 300 மீட்டருக்குள் இருக்கணும். அஞ்சு நிமிஷ நடை.

எனக்கு உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. சின்ன வயசில் பூங்கான்னாலே எங்களுக்கு 'உயிர் காலேஜ்'தான். அதாங்க, மிருகக்காட்சி சாலை! (எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'.) பெரம்பூரில் ரயில் ஏறினால் வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். இறங்கி நடந்தால் வந்துடும்.

அது இருந்த இடம் பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் டிரெவெலியன் 1859-ல் ஊர் மக்களுக்காக ஏற்பாடு செய்தது, 116 ஏக்கர். எட்வர்டு பால்ஃபர் 1855-ல் மியூசியத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை பிற்பாடு இங்கே வந்தது. அப்புறம் என்ன? விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம்னு ஒவ்வொண்ணா எழும்பிச்சு. எல்லாமே ஊருக்கு வேண்டியதுதான். ஆனா பூங்காவில் மிஞ்சினது மை லேடீஸ் கார்டன் மாதிரி துண்டுதான்.

1985-ல் மிருகங்கள் வண்டலூர் போச்சு. 500 ஹெக்டேருக்கு மேல் காடு. புலிக்கு அது நியாயம், நான் குறை சொல்லலை. ஆனா எங்க ஏரியா ஆளுங்களுக்கு, சாயங்காலம் போய்வர்ற இடம் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுசாதம் கட்டிக்கிட்டுப் போற இடமா ஆயிடுச்சு. ஊர்க் கணக்கில் பசுமை கூடினது நிஜம். எங்க கைக்கு எட்டினது குறைஞ்சதும் நிஜம்.

வட்டத்தில் இருக்கும் கோளாறும் அதுதான். பெரம்பூர்ல நடுவில் தண்டவாளம் ஓடுது. அந்தப் பக்கம் இருக்கும் மரம் மேப்பில் 300 மீட்டர். காலுக்குத் தெரியும், மேம்பாலமோ சுரங்கப்பாதையோ சுத்திப் போகணும். பூங்காவுக்கு எந்தப் பக்கம் கேட், எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, இதையெல்லாம் வட்டம் கேக்காது.

பையன் கிட்ட சொல்லிட்டேன்: "வட்டம் இருக்கட்டும்டா. ஞாயித்துக்கிழமை நம்ம வாசல்லேர்ந்து பூங்கா கேட் வரைக்கும் நடந்து பார்ப்போம். நீ வாட்ச் பாரு. பாட்டி முன்னால நடக்கட்டும்."