பள்ளி வடிவியலில் யூக்ளிட்

பள்ளியில் நாம் கற்பிக்கும் வடிவியலின் பெரும்பகுதி கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' என்னும் நூலிலிருந்து வந்தது. பதின்மூன்று புத்தகங்களாகப் பிரிக்கப்பட்ட இந்நூல் நெடுங்காலம் இங்கிலாந்திலும், அதன் வழியாக இந்தியாவிலும் நேரடிப் பாடநூலாக இருந்தது. பிறகு பாடத்திட்டத்திலிருந்து அதன் பெயர் மறைந்தது. ஆனால் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக நம்பியிருக்கும் ஒரு வினா இன்றும் யூக்ளிடுடையதுதான். அது அங்கே வந்து சேர்ந்த வழியையும், வழியில் எதை இழந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

யூக்ளிடுக்கு முன்பு

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் குழிமாற்றும் படிக்கப்பட்டன. நிலத்தின் நீள அகலங்களிலிருந்து குழிக்கணக்குப் போடுவதற்கு உதவும் வாய்ப்பாடு குழிமாற்று. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக்கு விதி உண்டு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். இது முற்றிலும் சரியான விதி. ஏன் சரி என்ற கேள்வியை அந்தப் பள்ளிகள் எழுப்பவில்லை. கணக்குப்பிள்ளைக்கும் நிலம் அளப்பவருக்கும் வேண்டியது விடை. அதை அவர்கள் வேகமாகவும் பிழையின்றியும் கண்டார்கள்.

யூக்ளிட் இந்திய மொழிக்கு வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெய்சிங் மன்னரின் ஆதரவில் ஜகந்நாத சாம்ராட் என்பவர் அரபு மொழிவடிவிலிருந்து 'ரேகாகணிதம்' என்ற பெயரில் சமஸ்கிருதத்தில் ஆக்கினார். ஆனால் நம் பள்ளிகளுக்கு யூக்ளிட் வந்தது ஜெய்ப்பூர் வழியாக அல்ல, லண்டன் வழியாக.

மனப்பாடமான நூல்

ஆங்கிலத்தில் முதல் மொழிபெயர்ப்பு 1570இல் பில்லிங்ஸ்லி வெளியிட்டது. 1756இல் கிளாஸ்கோவின் ராபர்ட் சிம்சனும், 1862இல் டாட்ஹண்டரும் வெளியிட்ட பதிப்புகள் பள்ளிகளில் பரவின. யூக்ளிடின் கூற்றுகளை அவர் கொடுத்த வரிசையிலேயே, அவர் கொடுத்த நிரூபணத்தோடு எழுதுவதே தேர்வாக இருந்தது. கூற்றின் எண்ணைச் சொன்னால் மாணவன் ஒப்பிப்பான். படத்தின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் திகைத்து நிற்பான்.

வரிசையில் அத்தனை பிடிவாதம் ஏன் என்று இன்றைய ஆசிரியருக்குத் தோன்றலாம். முதல் புத்தகத்தின் ஐந்தாம் கூற்றைப் பார்த்தால் காரணம் தெரியும். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது அந்தக் கூற்று. நம் வகுப்பறையில் உச்சிக் கோணத்துக்கு இருசமவெட்டி வரைந்து, இரண்டு முக்கோணங்களும் சர்வசமம் என்று காட்டி இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். யூக்ளிட் அப்படிச் செய்ய முடியாது. கோணத்தை இருசமமாக வெட்டும் முறை அவருக்கு ஒன்பதாம் கூற்றில்தான் வருகிறது. அது எட்டாம் கூற்றை நம்பியிருக்கிறது, எட்டு ஏழை நம்பியிருக்கிறது, ஏழு ஐந்தை நம்பியிருக்கிறது. இருசமவெட்டியை வைத்து ஐந்தை நிறுவினால் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். ஆகவே அவர் சமபக்கங்களைக் கீழே நீட்டி, நீண்ட நிரூபணம் ஒன்று தருகிறார். அதைத் தாண்ட முடியாமல் பல மாணவர்கள் நின்றதால் 'கழுதைப் பாலம்' என்ற பெயரும் ஏற்பட்டது.

அலெக்சாந்திரியாவின் இன்னொரு கணித அறிஞர் பாப்பஸ் இதற்கு ஓர் அழகான குறுக்கு வழி தந்தார். ஏபிசி என்ற முக்கோணத்தையும், அதையே புரட்டிப் போட்ட ஏசிபி என்ற முக்கோணத்தையும் இரண்டாகக் கருதி ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் இடைக்கோணமும் சமம், வேலை முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் இரண்டு மூன்று முகங்களாவது மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன். 'ஒரே முக்கோணத்தை அதனோடேயே ஒப்பிடலாமா சார்?' என்று கேட்கும் மாணவனுக்கு நிரூபணம் என்றால் என்ன என்பது பாதி விளங்கிவிட்டது என்றே பொருள்.

சென்னை மாகாணத்தில்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் மெட்ரிகுலேஷன் தேர்வு கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் வாசலாயிற்று. அதன் கணிதத்தில் எண்கணிதம், இயற்கணிதத்தோடு யூக்ளிடும் இருந்தது. படிப்பது ஆங்கிலத்தில், ஒப்பிப்பது ஆங்கிலத்தில். மொழியும் புரியாமல் தர்க்கமும் புரியாமல் தடுமாறியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. அதே பயிற்சியில் தேறி மேலே வந்தவர்களும் உண்டு. 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர் வடிவியலில் ஈடுபாடு கொண்ட வருவாய்த்துறை அதிகாரி. அக்கழகத்தின் இதழில் 1913இல் இராமானுஜன் எழுதிய சிறு குறிப்பு, வட்டத்தின் பரப்புக்கு ஏறத்தாழச் சமமான சதுரத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைவது பற்றியது.

ஈழத்தில் நிலைமை சற்று வேறு. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் மேலைக் கணிதம் முறையாகக் கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டார். வடிவியலை இலங்கைத் தமிழர் கேத்திரகணிதம் என்று வழங்கினர். தமிழ்நாட்டில் க்ஷேத்திர கணிதம் வடிவ கணிதமாகி, பின்பு வடிவியல் ஆயிற்று. தேற்றம், மறுதலை, நாற்கரம், சாய்சதுரம், தொடுகோடு என இன்று நாம் கையாளும் சொற்கள் எந்த மொழியோடும் ஒப்பிடத் தக்கவை. தமிழ்வழி மாணவனுக்கு 'தொடுகோடு' என்ற சொல்லே பாதி வரையறையைச் சொல்லிவிடுகிறது.

யூக்ளிட் வெளியேறினார்

எதிர்ப்பு இங்கிலாந்திலேயே முளைத்தது. 1868இல் ரக்பி பள்ளியின் ஆசிரியர் ஜே. எம். வில்சன் யூக்ளிடைப் பின்பற்றாத பாடநூல் ஒன்றை எழுதினார். மறுவருடம் கணித அறிஞர் சில்வெஸ்டர் பொதுமேடையில் யூக்ளிடைப் பள்ளியிலிருந்து அகற்ற வேண்டும் என்றார். 1871இல் வடிவியல் கற்பித்தலைச் சீர்திருத்துவதற்கென்றே ஆசிரியர் சங்கம் ஒன்று தோன்றியது. மறுபக்கம், ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், அதாவது ஆக்ஸ்போர்டு கணித விரிவுரையாளர் டாட்ஜ்சன், 1879இல் யூக்ளிடுக்கு ஆதரவாக நாடக வடிவில் ஒரு நூலே எழுதினார். யூக்ளிடின் ஆவி வந்து வாதாடும் அந்த நூல், கணித ஆசிரியர்களும் வேடிக்கையாக எழுத முடியும் என்பதற்குச் சான்று.

முடிவில் தள்ளிவிட்டவர் ஒரு பொறியியலாளர். ஜப்பானிலும் லண்டனிலும் கற்பித்த ஜான் பெர்ரி 1901இல் கிளாஸ்கோவில் ஆற்றிய உரையில், மாணவன் வரைந்தும் அளந்தும் கற்கட்டும், கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடட்டும், நிரூபணம் தெரியும் முன்பே முடிவுகளைப் பயன்படுத்தட்டும் என்றார். 1903இல் கேம்பிரிட்ஜ் தன் நுழைவு நிலைத் தேர்வில் யூக்ளிடின் வரிசையைக் கைவிட்டது. எந்த முறையான நிரூபணமும் ஏற்கப்படும் என்றானது. உடனே காட்ஃப்ரே–சிட்டன்ஸ், ஹால்–ஸ்டீவன்ஸ் போன்றோரின் புதிய பாடநூல்கள் வந்தன. ஹால்–ஸ்டீவன்ஸ் நூல் இந்தியாவில் பல தலைமுறை ஆண்டது. அதே 1903 டிசம்பரில்தான் கும்பகோணத்து மாணவர் இராமானுஜன் மெட்ரிகுலேஷன் எழுதினார்.

பெர்ரி கேட்டது நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர் செய்முறையைக் கேட்டது புரிதலுக்கான முதற்படியாக. தேர்வு எழுதும் நாடுகளில் முதற்படியே வீடாகிவிடும்.

இரண்டாவது அடி 1959இல் விழுந்தது. பிரான்சில் ரோயமோன் என்ற இடத்தில் நடந்த கருத்தரங்கில் டியூடோனே யூக்ளிடை அறவே ஒழிக்க வேண்டும் என்று முழங்கினார். நவீன கணிதம் என்ற பெயரில் கணங்களும் சார்புகளும் பள்ளிக்குள் வந்தன. நம் புத்தகங்களிலும் கணங்கள் முன்வரிசையில் அமர்ந்தன. வடிவியல் நடுப்பக்கங்களுக்கு நகர்ந்தது.

எல்லோருக்கும் ஒரே கணிதம்

பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. இருந்த காலத்தில் பொதுக்கணிதம், காம்போசிட் கணிதம் என இரண்டு வழிகள் இருந்தன. கல்லூரியில் கணிதமோ பொறியியலோ விரும்பியவர்கள் இரண்டாவதை எடுத்தனர். கோத்தாரி குழு 1966இல் முதல் பத்தாண்டுகளுக்குக் கணிதம் எல்லோருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி முறை வந்தபோது, பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கணிதம் என்றானது. பதினான்கு வயதில் பிள்ளையின் எதிர்காலத்தைக் கதவடைக்கும் அந்தப் பிரிவு ஒழிந்தது பெரிய நன்மை. ஆனால் ஒரே வினாத்தாள் முதல் மாணவனையும் அளக்க வேண்டும், கடைசி மாணவனையும் கரையேற்ற வேண்டும். கரையேற்றும் வேலை செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் வந்து சேர்ந்தது என்பது என் கணிப்பு.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2019இல் புதிய பாடநூல் வந்தபின் அமைந்த வினாத்தாளில் கடைசிப் பகுதியில் இரண்டே வினாக்கள்: செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. தேர்ச்சிக்கு 35 போதும். அதில் 16 இந்த இரண்டு படங்களிலிருந்து கிடைத்துவிடும். அதற்கு முன்பு சமச்சீர் புத்தகக் காலத்தில் அவை தலா 10 மதிப்பெண். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மாலை வகுப்பில் நாங்கள் முதலில் எடுப்பது இவ்விரண்டையும்தான். ஒன்று யூக்ளிடின் சொத்து, மற்றொன்று பெர்ரியின் கட்டத்தாள் என்பதைச் சொல்ல நேரமிருப்பதில்லை.

வினா இப்படி வரும்: அடிப்பக்கம் 7 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு நடுக்கோடு 5 செ.மீ.; முக்கோணம் வரைக. மாணவன் அடிப்பக்கத்தை வரைகிறான். இடது முனையில், கோட்டுக்குக் கீழே, 60° கோணம் வரைகிறான். அந்தக் கதிருக்கு அதே முனையில் செங்குத்து எழுப்புகிறான். அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு அதை வெட்டும் இடத்தை மையமாக வைத்து வட்டம் போடுகிறான். அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து 5 செ.மீ. வில் வட்டத்தை வெட்டும் இடமே உச்சி. வட்டம் வரையுள்ள படிகள் அனைத்தும் யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்தின் 33ஆம் கூற்றில் உள்ளவையே.

கோணத்தை ஏன் கீழே வரைகிறோம்? பலருக்கும் கிடைக்கும் பதில், 'படி இரண்டு அது.' உண்மையான பதில் சிறியது. கீழே 60° என்றால், செங்குத்து மேலே எழும்போது அடிப்பக்கத்தோடு 30° ஆக்குகிறது. மையத்தையும் இரண்டு முனைகளையும் சேர்த்தால் இருசமபக்க முக்கோணம், மறுமுனையிலும் 30°. இதுதான் கழுதைப் பாலம். மீதி மையக்கோணம் 120°. வட்டத்தின் மேல் பக்கத்தில் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் அதில் பாதி, 60°. யூக்ளிட் இதையே தொடுகோட்டையும் ஒன்றுவிட்ட வட்டத்துண்டையும் கொண்டு சொல்கிறார்.

இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். விளக்கினால் இன்னொரு லாபமும் உண்டு. வில் வட்டத்தை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு இடங்களில் வெட்டும். படிகளை மட்டும் பழகியவன் எது சரி என்று தேர்வறையில் பதறுகிறான். காரணம் தெரிந்தவன் இரண்டும் சரி என்று ஏதாவது ஒன்றை இணைத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறான்.

தேற்றங்கள் முற்றாகப் போய்விடவில்லை. தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் ஆகியவை தரவு, நிரூபிக்க, அமைப்பு, நிரூபணம் என்ற பழைய தலைப்புகளோடு பத்தாம் வகுப்பு நூலில் உள்ளன. ஐந்து மதிப்பெண் வினாவாக வருகின்றன. சீவாவும் மெனிலாசும் நிரூபணம் இல்லாமல் தரப்பட்டுள்ளனர். இந்த ஐந்து மதிப்பெண் தேற்றங்களை மாணவர்கள் எழுதும்போது முக்கோணத்துக்கு எப்போதும் ஏபிசி என்றே பெயர். திருப்புதல் தேர்வில் ஒருமுறை பிக்யூஆர் என்று கொடுத்துப் பார்க்கலாம்.