கருக்கலைப்பு: சட்டத்தின் 24 வாரமும் ஷரீஅத்தின் 120 நாளும்

இந்தியாவில் கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை, வன்கொடுமைக்கு ஆளானோர், சிறுமியர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தோர் போன்ற சிலருக்கு மட்டும் இரு மருத்துவர்களின் கருத்துடன் அனுமதி உண்டு. அதற்கு மேல், சிசுவுக்குக் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்றால் வார வரம்பு இல்லை. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையொப்பம் தேவையில்லை.

2023 அக்டோபர் 16 அன்று, 26 வாரம் கடந்த ஒரு தாயின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. தாய்க்கு உடனடி ஆபத்தோ சிசுவுக்குக் குறைபாடோ இல்லை என்பதே காரணம்.

மார்க்கத்தில், 120 நாளில் ரூஹு ஊதப்படுகிறது என்ற ஹதீஸே அடிப்படை. அதன் பின் தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி கலைப்பது ஹராம். அதற்கு முன்பு மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வறுமைப் பயம் காரணமாகாது (குர்ஆன் 17:31).

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். 120 நாளோ கரு உருவானதிலிருந்து. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் சுமார் 19 வாரமே அந்த எல்லை. 24 வாரம் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 31 முதல் கருக்கலைப்பு மையங்களைச் சுற்றி 150 மீட்டருக்குள் போராட்டம் நடத்தத் தடை உள்ளது. நம் காஞ்சிபுரத்தில் மருத்துவமனை வாசலில் முழக்கமில்லை. தெருப் பேச்சுக்கு அஞ்சியே பெண்கள் தாமதிக்கின்றனர். பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. புறம் பேசுவது நமக்கும் ஹராம்தான். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அறிக்கையுடன் ஆலிமிடம் கேளுங்கள்.