காட்டுத் தேனும் கரையூர்ச் சந்தையும்

மட்டக்களப்பு நாட்டை ‘மீன்பாடும் தேனாடு’ என வழங்குதல் தமிழர் பலரும் அறிந்ததே. நிலவெறிக்கும் இரவில் வாவியினின்று எழும் மீனிசையைப் பற்றி எழுதியோரும் பேசியோரும் பலர். அவ்வடைமொழியின் மறுபாதியாகிய தேனைப் பற்றி ஆராய்ந்தோர் சிலரே. 1961ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை, கல்முனையும் அதனைச் சூழ்ந்த கரைவாகுப்பற்று ஊர்களும் அத்தேனாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தன. ஆயினும் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய கரையூர்களை நோக்குவார்க்குக் கடலும் மணலும் தென்னையும் நெல்வயலும் தோன்றுமேயன்றித் தேன்வரை எதுவும் தோன்றாது. அவ்வாறாயின் இவ்வூர்களின் வீடுகளில் மருந்தாகவும் விருந்தாகவும் வைத்துப் போற்றப்பட்ட தேன் எங்கிருந்து வந்தது? தம் கண்ணாற் காணாத காட்டில், தாம் அறியாத மரத்தில் எடுக்கப்பட்ட ஒரு பொருளை, இஃது உண்மையானதே என நம்பி இம்மக்கள் எங்ஙனம் வாங்கினர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முற்படின், கரைக்கும் காட்டுக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய ஓர் உறவின் வரலாறு புலனாகும்.

கடற்பொருளைக் கொடுத்து மலைப்பொருளைக் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிய வழக்கன்று. தேனும் கிழங்கும் கொணர்ந்தவர் அவற்றை மீனெய்க்கும் நறவுக்கும் மாற்றிச் சென்ற செய்தியைச் சங்க நூலாகிய பொருநராற்றுப்படை கூறுகின்றது. அந்நூல் பாடுவது சோழநாட்டை. எனினும் கீழைக் கரையின் நிலவமைப்பும் அத்தகையதே. கடற்கரையினின்று மேற்கே சென்றால் வயல். வயலைக் கடந்தால் குளம். குளத்தைக் கடந்தால் வேகம்பற்று, விந்தனை எனப் பண்டு பெயர் பெற்ற பெருங்காடு. பாலையும் வீரையும் பூத்துச் சொரியும் அக்காடே தேனாட்டின் தேன்களஞ்சியம். அதற்கு உரியவராய் வாழ்ந்தவர் வேடுவர்.

அக்காட்டுத் தேனின் தன்மையைத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டி மன்னனின் சிறையாளராய் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தம் நூலை இலண்டனில் வெளியிட்டவர் அவர். இலங்கைத் தேனீக்களை அவர் மூவகையாகப் பகுத்தார். மரப்பொந்தில் அடை கட்டுவது ஒன்று. உயர்ந்த மரக்கிளைகளில் யாவரும் காண வெளிப்படையாக அடை தொங்கவிடும் பெருந்தேனீ மற்றொன்று. ஈயைப்போற் சிறிதாய்க் கரிய நிறம் கொண்ட கொசுத்தேனீ இன்னொன்று. சிறு கொம்புகளில் கூடு கட்டும் கொம்புத்தேனீயையும் சேர்த்து நான்கு வகை என்பது இன்றைய கணக்கு. பெருந்தேனீயின் தேன் நீரைப்போல நெகிழ்ச்சி உடையது என்றும், பருவம் வந்ததும் நாற்பது ஐம்பது பேர் ஒன்றுகூடிக் காட்டுக்குச் சென்று அதனைச் சுமந்து வருவர் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். நீரைப்போல நெகிழ்ந்தது என்னும் இச்சிறு குறிப்பை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்வாராக. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அது பயன்படும்.

வேடுவர் பண்டமாற்றுச் செய்த முறையும் நொக்ஸின் நூலில் உண்டு. அம்பு முனை வேண்டுமாயின், அவர்கள் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். வேண்டிய வடிவில் வெட்டிய ஓர் இலையையும் உடன் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்விலையின் அளவிற்கு அம்பு செய்து வைப்பான். கொடுத்தவனும் கொண்டவனும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே வாணிகம் நிறைவேறும். இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகரான பாகியான், பூதங்களும் நாகரும் தம் உருவைக் காட்டாது பொருளையும் அதன் விலைக் குறியையும் வைக்க, வணிகர் அவ்விலைப்படி கொடுத்துப் பொருளை எடுத்துச் சென்றனர் என்னும் பழங்கதையைக் குறித்துச் சென்றார். இதனைப் பேச்சற்ற வாணிகம் என்பர். அது காட்டுமனிதரின் அச்சத்தாற் பிறந்த வழக்கம் எனக் கருதுவோர் உளர். ஆயினும் அச்சம் மட்டுமே இருந்திருப்பின் அவ்வாணிகம் ஒரு முறைக்கு மேல் நிகழ்ந்திராது. கொல்லன் இறைச்சியை எடுத்துக்கொண்டு அம்பைச் செய்யாது விட்டிருந்தால், மறுமுறை அவன் பட்டறைக்கு எவரும் வந்திரார். சாட்சியும் சீட்டும் இல்லாத இடத்தில் வாக்கே சரக்கின் காவலாய் நின்றது.

இந்த உறவில் முஸ்லிம் வணிகர் பெற்ற இடம் பெரிது. போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியினின்று முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்தில், கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்று நூல்கள் கூறும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தது இது. அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம் குடிகள் இருந்தனர். உழவும் மீன்பிடியும் நெசவும் செய்த இம்மக்களுள் ஒரு பகுதியினர், பொதிமாடுகளின் மேற் சரக்கேற்றி உள்நாட்டுக்குச் சென்றனர். அவ்வாறு அணியாகச் சென்ற மாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பர். கண்டி அரசிலும் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த ‘மடிகே’ என்னும் பகுதியில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தனர்.

தவளத்தின் பொதியில் முதலிடம் பெற்றது உப்பு. 1766இல் நிகழ்ந்த உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாகிய பின்னர், உப்புக்குக் கண்டி நாடு கரையையே நம்பியிருந்தது. உப்போடு கருவாடும் துணியும் இரும்புக் கருவிகளும் மேற்கே சென்றன. தேனும் மெழுகும் மான்தோலும் பாக்கும் கிழக்கே வந்தன. ஊரிலிருந்து காடு சென்று மீள்வதற்குப் பல நாள் ஆகும். இடையில் விடுதி இல்லை, காவல் இல்லை. வழியில் யானையும் காய்ச்சலும் உண்டு. இத்தகைய பயணத்தை ஆண்டுதோறும் மேற்கொள்ளும் வணிகன், தனக்குத் தேன் கொடுப்பவனை ஒரு முறை ஏமாற்றி மறுமுறை அவன் காட்டில் உறங்க முடியுமா? அதுபோலவே, கலப்புத் தேனைக் கொடுத்தவன் அடுத்த பருவத்தில் உப்புக்கு யாரிடம் செல்வான்? ஒருவர்க்கு ஒருவர் வேண்டப்பட்டவராய் இருந்தமையே இருவரையும் நேர்மையில் நிறுத்தியது. ஊரில் தேனை வாங்கிய இல்லத்தாரும் வணிகனை அறிவர். அவன் தந்தையையும் அறிவர். காட்டைக் காணாத அவர்கள், காட்டைக் கண்டு வந்தவனின் முகத்தைக் கண்டு வாங்கினர்.

அத்தேனுக்கு வேடுவர் கொடுத்த விலை பணத்தால் அளக்கத்தக்கதன்று. செலிக்மன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவியாரும் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வேடுவரிடையே தங்கி ஆராய்ந்து, 1911இல் வெளியிட்ட நூல் இதனை விளக்கும். செங்குத்தான பாறையின் உச்சியினின்று கொடிகளால் திரித்த ஏணியைத் தொங்கவிட்டு அதன்வழி இறங்குவர். புகை காட்டித் தேனீயைக் கலைப்பர். நீண்ட மரக்கோலால் அடையை அறுத்து, மான்தோற் கலத்தில் ஏந்துவர். கொடி அறுந்தால் உயிர் மிஞ்சாது. இன்ன குன்று இன்ன குடும்பத்துக்கு உரியது என்னும் முறையும் அவர்களிடம் இருந்தது. தன் குன்று அடுத்த ஆண்டும் தேன் தரவேண்டும் என்னும் நினைவு உரியவனுக்கு இருக்குமன்றோ?

இவ்வுறவு ஒரே நாளில் முறியவில்லை. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின் வீதிகள் அமைந்தன, வண்டிகள் ஓடின, தவளத்தின் தேவை குறைந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் பேரணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் விரிந்தது. காடு கழனியாயிற்று, பல்லாயிரம் மக்களுக்கு நெல்லும் நிலமும் கிடைத்தன. இங்குராணைப் பக்கத்திற் கரும்பும் செழித்தது. ஆயின் தேன்தரும் மரங்கள் வீழ்ந்தன. வேடுவரின் பழைய குன்றுகள் பல அவர்கள் கையை விட்டுச் சென்றன. எஞ்சிய காட்டின் ஒரு பகுதி 1954இல் கல்லோயாத் தேசிய வனமாயிற்று. 1983இல் மாதுறு ஓயா வனமும் பிரகடனமாகியது. தம்பானை வேடுவர் தம் வேட்டைக்காட்டை இழந்தனர். பின்னர் வந்த போர்க்காலம், 2009 வரை, கரைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட பாதைகளில் அச்சத்தை விதைத்தது. தேன் வருவது முற்றும் நிற்கவில்லை. ஆயின் கொண்டுவருபவன் முகம் தெரியாதவன் ஆனான். போத்தலுக்கு முன்னும் பின்னும் பல கைகள் மாறின.

முகம் மறைந்த இடத்தில் கலப்படம் நுழைந்தது. சீனிப்பாகும் வெல்லப்பாகும் தேனின் பெயரில் விற்கப்பட்டன. மக்களும் தம்மைக் காத்துக்கொள்ளப் பல சோதனைகளைக் கைக்கொண்டனர். நீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பர். தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைப்பர். எறும்பு மொய்க்கின்றதா, நாய் நக்குகின்றதா என நோக்குவர். இவற்றுள் எதுவும் உறுதியான சோதனை அன்று. நன்கு காய்ச்சிய சீனிப்பாகும் நீரில் கரையாது அடியிற் சென்று தங்கும். நல்ல தேனும் நாளடைவில் சீனிபோற் படிந்து உறையும். இங்கேதான் நொக்ஸின் சிறு குறிப்பு பயன்படுகின்றது. பெருந்தேனீயின் தேன் இயல்பிலேயே நெகிழ்ச்சியானது. கோடெக்ஸ் எனும் அனைத்துலக உணவு நியமம், தேனில் ஈரம் பொதுவாக நூற்றுக்கு 20 பங்கை மேற்படலாகாது என விதிக்கின்றது. காட்டுத் தேனோ பல வேளைகளில் அவ்வளவைக் கடந்துவிடும். ஆகவே, கெட்டியானதே நல்லது எனக் கொள்பவர், பாறையில் உயிரைப் பணயம் வைத்து எடுத்த தேனைத் தள்ளிவிட்டு, அடுப்பிற் காய்ச்சிய பாகை நல்ல விலை கொடுத்து வாங்கி மகிழ்வர். இதனால் ஏமாறுவோர் இருவர். ஒருவர் வாங்குபவர், மற்றவர், தம் சரக்கு விலைபோகாமல் திரும்பும் காட்டுவாசி.

அறிவியல் இதற்கு உதவாதோ எனின், ஓரளவு உதவும். கரும்பு காபனை ஏற்கும் முறை வேறு. தேனீ நாடும் பெரும்பாலான பூமரங்களின் முறை வேறு. ஆதலாற் காபன் சமதானிகளை அளந்து கரும்புச் சீனியின் கலப்பைக் கண்டுபிடிக்கலாம். ஆயின் அரிசிப்பாகு கலந்திருந்தால் அச்சோதனையும் தவறும். மேலும் அஃது ஆய்வுகூடத்திற்குரியது. கல்முனைச் சந்தையில் ஒரு போத்தல் வாங்குவோர் கையில் உள்ளதன்று.

அவர்கள் கையில் உள்ளது வினாவே. எந்தக் காட்டுத் தேன்? எந்த மாதத்தில் எடுத்தது? பொந்துத் தேனா, பெருந்தேனா? அறுத்தவர் யார்? வீதியோரத்துச் சிறு தோட்டக் கடையில் தேன் விற்பவர் இவ்வினாக்களுக்குத் தயங்காது விடை கூறுவாராயின், அவ்விடை பாதிச் சோதனை ஆகும். அடுத்த பருவத்திலும் அவரிடமே சென்று வாங்குவது மறுபாதி. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களம் தேனீ வளர்ப்புக்கென ஒரு பிரிவை நடத்துகின்றது. வீட்டுத் தோட்டத்திற் பெட்டி வைத்துப் பொந்துத் தேனீ வளர்ப்போரும் உளர். அத்தகையோரின் தேனை வாங்குவோர் தேனீயையே நேரிற் சென்று காணலாம்.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரைக் கொண்டது. தேனில் மனிதர்க்கு நோய்நிவாரணம் உண்டு என அது கூறும். கரையூர் மக்கள் தேனைப் போற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அதே மறையின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைக் கடுமையாக எச்சரிக்கின்றது. தேனை மருந்தெனக் கொள்வோர், அதனை விற்கும்போதும் வாங்கும்போதும் இரண்டையும் ஒருங்கே நினைதல் வேண்டும். மலிவான விலையையே தேடிச் செல்வோர்க்கு மலிவான பாகே கிடைக்கும். பாறையில் இறங்கியவனுக்கு உரிய விலையைக் கொடுக்க மறுப்பதும் அளவில் மோசம் செய்வதற்கு அயலானதன்று.

தவளம் மறைந்தது, அதனை மீட்க இயலாது. காட்டின் பெரும்பகுதியும் மீளாது. ஆயின் தவளத்தை நடத்திய பண்பு மாட்டோடு மறையவேண்டிய ஒன்றன்று. இரவிலே பட்டறைக்கு வந்து ஓர் இலையை வைத்துச் சென்றவன், விடியலில் தன் அம்பு தயாராகும் என நம்பினான். தேனாடு என்னும் பெயர் அந்நாட்டிற்குப் பொருந்தியது தேன் மிகுந்திருந்ததனால் மட்டுமன்று. கொடுத்தவன் சொல்லும் கொண்டவன் சொல்லும் கலப்படமற்று இருந்தமையாலும் ஆகும்.