பரிசும் தண்டமும்: திண்ணைப் பள்ளி முதல் இலங்காஸ்ரர் பள்ளி வரை

சென்னை ஆளுநராயிருந்த தொமஸ் மன்றோ தம் ஆட்சிக்குட்பட்ட நாட்டிலே கல்வி எந்நிலையிலுள்ளது என்பதை அறியும் பொருட்டு 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் விவரங்கள் திரட்டப் பணித்தார். அதற்கு விடையாக வந்த அறிக்கைகளுள், பல்லாரி மாவட்டக் கலெக்டர் கம்பெல் 1823ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் எழுதியனுப்பியது தனிச் சிறப்புடையது. ஏனையோர் பலர் பள்ளிகளின் தொகையையும் மாணவரின் தொகையையும் கணக்கிட்டெழுதியதோடு அமைந்தனர். கம்பெலோ பள்ளிக்குள்ளே நிகழ்வன யாவை என்பதையும் எழுதிவைத்தார்.

காலையில் முதலாவதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையின் உள்ளங்கையிலே சரஸ்வதி என்னும் பெயர் எழுதப்படும். அஃது அவன் பெற்ற பெருமை. இரண்டாவதாக வந்தவன் கையிலே ஒரு சுழியம் இடப்படும். அவன் புகழுக்கும் உரியனல்லன், இகழுக்கும் உரியனல்லன் என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்லிய பிரம்படி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கெல்லாம் ஒவ்வொன்றாக ஏறும். எவர்க்கும் ஒரு காசுச் செலவும் இல்லாத பரிசு இது. ஆயினும் அதனைப் பெறுதற்காக இருள் பிரியுமுன்னே எழுந்தோடிய பிள்ளைகள் எத்துணைப் பேராயிருத்தல் வேண்டும்! அந்தச் சுழியந்தான் இம்முறையில் வியக்கத்தக்கது. பரிசுக்கும் அடிக்கும் நடுவே ஓரிடம் உண்டு என்பதைப் பிற்காலத்துக் கல்வியறிஞர் பலர் மறந்தனர்.

இம்முறையை வகுத்தவர்கள் மென்மையுள்ளம் படைத்தோர் எனக் கொள்ளுதல் தவறு. சோம்பிய மாணாக்கனை இரு கைகளையும் பிணித்துக் கப்பியினால் கூரையிலே தூக்கி நிறுத்துதலும், ஓயாது மண்டியிட்டு எழச் செய்தலும் வழக்கமென்று அதே அறிக்கை கூறுகின்றது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் எனப் பெயர்பெற்ற தண்டனையும் இவ்வகையினதே. சரஸ்வதியின் பெயரும் கூரைக் கயிறும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

கம்பெல் பாராட்டியது பிறிதொன்றை. மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறை இங்கிலாந்து பின்பற்றத் தக்கதாய் அமைந்தமையே அது. ஆசிரியர்க்குத் துணையாக நின்ற சட்டாம்பிள்ளையை இந்நாட்டார் நெடுங்காலம் அறிவர். அவரை மேல்நாட்டுக்குக் கொண்டுசென்றவர் அன்ட்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர். 1787இல் சென்னைக்கு வந்த இவர், 1789இல் எழும்பூரில் ஆங்கிலப் போர்வீரரின் ஆண்பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட அநாதை விடுதியின் கண்காணிப்பை ஏற்றார். ஒருநாட் காலை குதிரைமீது செல்லுங்கால், நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுதலைக் கண்டார். விடுதியின் ஆசிரியர் அதனை ஏற்க மறுக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையோர்க்கு மணலில் அரிச்சுவடி கற்பித்துப் பார்த்தார், முயற்சி கைகூடியது. 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டில் அச்சோதனையை நூலாக வெளியிட்டார். பெல் பிரம்பை விரும்பவில்லை. குற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, மாணாக்கரையே நடுவராக்கி விசாரிக்கச் செய்தார். வகுப்பிலே மேலிடம் பெறுதலும் கீழிடத்துக்கு இறங்குதலுமே அவருடைய பள்ளியில் பெரும் பரிசும் பெருந்தண்டமும்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1798இல், இலண்டனின் தென்பாலுள்ள சவுத்வார்க்கில் யோசேப் இலங்காஸ்ரர் என்னும் இளைஞர் தந்தையார் வீட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியொன்று தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. குவேக்கர் நெறியினராதலின் அடித்தலை வெறுத்தார். மேலும், நூற்றுக்கணக்கான சிறுவரை ஓராசிரியர் ஆளும் மண்டபத்தில் பிரம்பு எட்டுந் தூரம் சிறிதே. ஆதலின் பிள்ளைகளின் ஆசையையும் நாணத்தையும் கொண்டே அவர்களை ஆள அவர் முற்பட்டார்.

வாசிப்பு வகுப்பிலே முதலிடம் பெற்றவன் பொன்னெழுத்துப் பொறித்த தோற்சீட்டு ஒன்றை அணிவான். மார்பிலே படமொன்று தொங்கும். வேறொருவன் அவனை வென்றால் இரண்டும் அக்கணமே கைமாறும். பாடம் முடியும்போது முதலிடத்தில் நிற்பவன் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, தனக்கேயுரிய வேறொரு படத்தைப் பெறுவான். மட்டையும் பந்தும் பட்டமும் பரிசுகளாயின. சிறந்தோர்க்கு வெள்ளிப் பதக்கமும் உண்டு. வீட்டிலே விளையாட்டுப் பொருள் எதனையும் கண்டறியாத ஏழைப் பிள்ளைக்கு ஒரு பந்து எத்தகைய செல்வம் என்பதை இலங்காஸ்ரர் நன்கறிந்திருந்தார்.

தண்டனைகளோ வேறொரு முகத்தைக் காட்டின. பேசிப் பொழுதுபோக்கியவன் கழுத்திலே நான்கு முதல் ஆறு இறாத்தல் வரை நிறையுள்ள மரக்கட்டை கட்டப்படும். திரும்பினால் அது தோளில் இடிக்கும். கால்களுக்கு மரத்தளை உண்டு. தவறுகளிற் பழகியவர் சிலரை ஒரே நுகத்திற் பூட்டிப் பள்ளியைச் சுற்றிப் பின்புறமாக நடக்கச் செய்வர். கூடையிலோ கூண்டிலோ இட்டுக் கூரையிலே தொங்கவிடுதலும் உண்டு. முகங் கழுவாது வந்தவனை எல்லோர் முன்னும் ஒரு சிறுமி கழுவிவிடுவாள். உடலுக்கு நோவு குறைவு என்பதே இவர் கருத்து. பல்லாரிப் பள்ளியின் கயிறு தவறு எனின், இலண்டன் பள்ளியின் கூடை எவ்வாறு சரியாகும்?

இவ்வினா அக்காலத்திலேயே எழுந்தது. 1808இல் கோல்றிட்ச் என்னும் கவிஞர் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில் இத்தண்டனைகளைச் சினந்து சாடினார். இவற்றிற் பழகிய சிறுவனுக்குச் சிறையைப் பற்றிய அச்சம் எஞ்சாது என்பது அவர் வாதம். சௌதி என்னும் கவிஞரும் 1812இல் வெளியிட்ட நூலில் அவ்வழியே நின்றார். இவர்கள் பெல்லின் பக்கத்தினர். ஆங்கிலத் திருச்சபை பெல்லையும், அதனின் வேறுபட்டோர் இலங்காஸ்ரரையும் ஆதரித்துப் பூசலிட்ட காலம் அது. ஆகவே அவர்தம் கண்டனத்திற் கட்சியும் கலந்திருந்தது. எனினும் கண்டனம் பொய்யன்று. நாணத்தைத் தண்டமாக்குவோர் நாணமே அற்றுப்போகும் நாளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்காஸ்ரர் அதனை எண்ணியதாகத் தெரியவில்லை.

1805இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே அவரை அழைத்து ஊக்கினார். புகழ் ஏற ஏறக் கடனும் ஏறியது. பள்ளிகளின் பொறுப்பு நண்பர்கள் கைக்குச் சென்று, 1814இல் பிரித்தானிய, வெளிநாட்டுப் பள்ளிச் சங்கம் என்னும் பெயரைப் பெற்ற கழகத்தில் நிலைத்தது. அதே காலத்தில், பிரம்பைத் துறந்த இவரே தம்மிடம் ஆசிரியப் பயிற்சி பெற்ற இளைஞரை அடித்தார் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாகிச் சங்கத்தினின்றும் பிரிய நேர்ந்தது. 1818இல் அமெரிக்கா சென்றவர், 1838இல் நியூயோர்க்கு நகரத் தெருவில் வண்டியால் மோதுண்டு இறந்தார். பெல்லோ 1832இல் இறந்து வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்திலே அடக்கம் பெற்றார்.

1846இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறை இங்கிலாந்தில் ஏற்பட்டபின், சட்டாம்பிள்ளை முறை மெல்ல மறைந்தது. கட்டையும் கூடையும் அதனோடு போயின. பதக்கமும் பரிசளிப்பும் நிலைத்தன. இலங்காஸ்ரர் ஒழிக்கக் கருதிய பிரம்போ, இங்கிலாந்தின் அரசாங்கப் பள்ளிகளில் 1987ஆம் ஆண்டு வரையும் சட்டத்தால் விலக்கப்படாமலே இருந்தது.