தோற்றவனுக்கும் இடம் வைத்த திடல்

1862ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, சிங்கப்பூரின் பாடாங் திடலுக்கு அருகில் எழும்பியிருந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்தவர் கல்கத்தா பேராயர் ஜார்ஜ் காட்டன். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் சபை அப்போது கல்கத்தாத் திருமண்டலத்துக்குள் இருந்தது. தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அதே 1862இல்தான் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியும் பிறந்தது. இந்தக் காட்டன் பேராயராவதற்கு முன் இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். 1852இல் அவர் பொறுப்பேற்றபோது அந்தப் பள்ளி சீர்குலைந்து கிடந்தது. முந்தைய ஆண்டுதான் மாணவர்கள் கலகம் செய்திருந்தார்கள். பிற்பகல்களில் ஊர் சுற்றி, வேலி தாண்டி, அக்கம்பக்கத்தாரோடு வம்பு வளர்த்த பையன்களைப் பள்ளி எல்லைக்குள் இருத்த அவர் கையாண்ட வழிகளில் ஒன்று, ஒழுங்குபடுத்திய விளையாட்டு. இளம் ஆசிரியர்களை அமர்த்தி, அவர்களையும் மாணவர்களோடு திடலில் இறக்கினார். இங்கிலாந்தின் பள்ளிகளில் விளையாட்டு கல்வியின் அங்கமானதற்கு ரக்பி பள்ளியின் தாமஸ் ஆர்னால்டைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆர்னால்டுக்கு விளையாட்டில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. அந்தப் பெயரில் பெரும்பங்கு காட்டனுக்குச் சேர வேண்டியது.

காட்டனின் ஏற்பாட்டில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் திறமைசாலிகளைப் பொறுக்கி எடுக்க விளையாட்டைக் கொண்டுவரவில்லை. வம்புக்காரன், சோம்பேறி, கூச்சக்காரன் என எல்லாப் பையன்களுக்கும் பிற்பகலில் ஓர் இடமும் ஒரு வேலையும் தர வேண்டும் என்பதே அவருக்கிருந்த சிக்கல். கிறிஸ்தவப் பள்ளி விளையாட்டின் வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் திடலில் பாத்தியதை உண்டு; கோப்பை அதற்குப் பிறகுதான். சிங்கப்பூரின் மிஷன் பள்ளிகள் இந்தக் கொள்கையை முழுமையாகக் கடைப்பிடித்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை நல்லபடியாகச் செய்தவை அனைத்தும் இதிலிருந்து வந்தவை. தடுமாறிய இடங்கள் இதை மறந்த இடங்கள்.

தொடக்கத்தில் திடலே இருக்கவில்லை. கத்தோலிக்கரின் செயிண்ட் ஜோசப்ஸ் பள்ளி 1852இல் தொடங்கியது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1886இல் அமோய் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் 13 பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர், இன்றைய லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் இருக்கும் ஷார்ட் ஸ்திரீட்டில், ஒன்பது இந்தியச் சிறுமிகளுடன் ஒரு பள்ளியைத் திறந்தார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்று பெயர் பெற்றிருந்த அதுதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. கடைவீட்டுக்குள் என்ன விளையாட்டு இருந்திருக்க முடியும்? இந்தப் பள்ளிகள் இடம் மாறிய வரலாறு, ஒரு வகையில் திடல் தேடிய வரலாறு. நகர நடுவில் நெருக்கடியில் இருந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் 1940இல் சிராங்கூன் சாலை முடியும் வூட்ஸ்வில்லில், காலாங் ஆற்றோரம் விரிந்த நிலத்துக்குப் போனது. ஆங்கிலோ-சீனப் பள்ளி 1950இல் பார்க்கர் சாலைக் குன்றில் ஏறியது. சொந்தத் திடல் இல்லாதவர்களுக்கு ஃபேரர் பார்க் இருந்தது. 1843 முதல் குதிரைகள் ஓடிய அந்த மைதானம், பந்தயக் கழகம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தபின் மனிதர்கள் ஓடும் இடமாயிற்று. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

திடல் கிடைத்தபின் அதில் எல்லாரையும் எப்படி இறக்குவது? அதற்கு விடையாக வந்தது இல்ல முறை. ஓல்டம், தோபர்ன் என்று நிறுவனர்களின் பெயர் தாங்கிய இல்லங்களில் ஒவ்வொரு மாணவனும் பிரித்துச் சேர்க்கப்பட்டான். எந்த இல்லத்திலும் இல்லாதவன் என்று ஒருவன் கிடையாது. பிரிட்டிஷ் வழியில் நடந்த மலாயா, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் விளையாட்டு தினத்துக்குச் சில வாரங்கள் முன்பே ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ தொடங்கிவிடும். நூறு கஜத்தை இத்தனை வினாடிக்குள் ஓடினால் ஒரு புள்ளி, இத்தனை அடி உயரம் தாண்டினால் ஒரு புள்ளி. முதலாவதாக வந்தவனுக்கும் கடைசியாக வந்தவனுக்கும், வரம்பைத் தொட்டுவிட்டால், அதே ஒரு புள்ளி. குண்டான பையன் மூச்சு வாங்க ஓடி வரம்பைத் தொடும்போது அவன் இல்லத்தார் கத்தும் கூச்சல், சாம்பியனுக்குக் கிடைக்கும் கைதட்டலை விடப் பெரிதாக இருந்ததற்குக் காரணம் எளிது: சாம்பியனின் புள்ளி எப்படியும் வரும், இவனுடையதுதான் சந்தேகம். ஒரு கொள்கை விதியாக மாறி, விதி கணக்குப் புத்தகத்தில் ஏறி, பிள்ளைகளின் மனப்போக்கையே மாற்றியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அறிவுரையை விட இந்த ஒற்றைப் புள்ளி அதிகம் சாதித்தது.

இதே எண்ணம் வேறொரு வழியாகவும் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் 1902இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., உடலும் அறிவும் ஆன்மாவும் சேர்ந்ததே மனிதன் என்பதை முக்கோணச் சின்னமாகவே வைத்திருந்த இயக்கம். கூடைப்பந்தும் கைப்பந்தும் 1890களில் அமெரிக்காவில் அந்த இயக்கத்தாரின் உடற்பயிற்சிக் கூடங்களில் பிறந்தவை. சிறிய இடம், மலிவான சாமான், நிறைய பேர் ஆடலாம் என்ற கணக்கு அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், வெளிநாட்டு ஆட்டங்களோடு இந்திய விளையாட்டுகளுக்கும் பயிற்சியில் இடம் கொடுத்தார். கிறிஸ்தவ விளையாட்டுக் கொள்கை என்றால் கிரிக்கெட்டும் ரக்பியும்தான் என்று எண்ணுவோருக்குப் பக் ஒரு நல்ல மறுப்பு.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது கடுமையானது: இதெல்லாம் பேரரசின் கருவி. கட்டளைக்குப் பணியும் குமாஸ்தாக்களையும் அதிகாரிகளையும் உருவாக்க வெள்ளையர் கண்ட உபாயத்துக்குக் கொள்கை என்று பெயர் சூட்டலாமா? விளையாட்டுக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் இருந்த உறவை ஜே.ஏ. மங்கன் போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்க இடமில்லை. ஸ்ரீநகரின் மிஷன் பள்ளியில் டிண்டேல்-பிஸ்கோ 1890களின் தொடக்கத்தில் பண்டிட் பையன்களுக்குக் கால்பந்தை அறிமுகப்படுத்திய விதத்தை அவரே பெருமையோடு பதிந்திருக்கிறார். தோல் பந்து தீட்டு என்று பையன்கள் மறுத்தார்கள். ஆசிரியர்களைத் தடியோடு நிறுத்தி வைத்து ஆட வைத்தார். பந்து முகத்தில் பட்ட பையன் ஒருவன் அழுதுகொண்டு நின்றபோது, தண்ணீரில் கழுவிக் கூட்டி வரச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார். பின்னாளில் அந்தப் பள்ளி மாணவர்கள் வெள்ளத்திலும் கொள்ளைநோயிலும் ஊருக்கு உதவினார்கள் என்பது உண்மை. அந்த முதல் நாள் வன்முறை என்பதும் உண்மை. எல்லாரும் ஆட வேண்டும் என்ற நல்ல கொள்கை, ஆட மறுக்கும் பிள்ளையின் மனத்தை மிதித்து நிறைவேறும்போது கெட்டுப்போகிறது. பாத்தியதை என்பது வேறு, பலவந்தம் என்பது வேறு. ஆனால் பிறப்பிடத்தை வைத்தே ஒரு பொருளுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. சிங்கப்பூரில் இந்தப் பள்ளிகளை நிரப்பியவர்கள் சீன வணிகர்களின், தமிழ்க் குமாஸ்தாக்களின், யூரேசியர்களின் பிள்ளைகள். பாதிரிமார் போனபின்னும் அவர்கள் இல்லப் போட்டிகளைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஆங்கிலோ-சீனப் பள்ளிக்கு 1952இல் தியோ சான் பீ முதல் ஆசியத் தலைமையாசிரியரானார். அதன் பிறகு அங்கே நடந்த விளையாட்டு தினங்களைப் பேரரசின் கணக்கில் எழுதுவது, அவற்றை நடத்திய நம்மவர்களின் சுயபுத்தியை மறுப்பதாகும்.

இரண்டாவது எதிர்வாதம் மதத்தைப் பற்றியது. பல மதத்தார் படிக்கும், அரசு மானியம் பெறும் பள்ளியில் கிறிஸ்தவக் கொள்கை எதற்கு? இது நியாயமான கேள்வி. 1984இல் மேல்நிலை வகுப்புகளுக்குச் சமய அறிவுப் பாடத்தைக் கட்டாயமாக்கிய சிங்கப்பூர், சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட வேண்டியிருந்தது. பாடமாகப் புகட்டும் சமயம் பிரிக்கக்கூடும் என்ற அச்சமே காரணம். திடலில் நிலைமை வேறு. அங்கே கொள்கை வசனமாக வருவதில்லை, நடத்தையாக வருகிறது: விழுந்த எதிரணிக்காரனைத் தூக்கிவிடுவது, நடுவரின் தவறான தீர்ப்பை ஏற்பது, ஓய்வுநாளில் பயிற்சி வைக்காதிருப்பது. இந்து வீட்டுப் பையனோ முஸ்லிம் வீட்டுப் பையனோ இவற்றைத் தன் மதத்துக்கு அந்நியமாகக் கருத வேண்டியதில்லை.

ஓய்வுநாள் என்றதும் எரிக் லிடெலைச் சொல்லாமல் நகர முடியாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றவர் என்று உலகம் அவரை அறியும். அடுத்த ஆண்டே அவர் சீனாவின் தியன்ஜின் நகருக்குப் போய் ஆங்கிலோ-சீனக் கல்லூரி ஒன்றில் ஆசிரியரானார். போரின்போது வெய்ஷியன் முகாமில் ஜப்பானியர் அவரை அடைத்து வைத்தார்கள். முகாமில் இளசுகளுக்கு விளையாட்டு நடத்தியவர் அவர்தான், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைகள் நடுவரில்லாமல் ஹாக்கி ஆடி அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் விசிலோடு வந்து நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிற்றுக்கிழமையை, சண்டையிட்ட பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945இல் முகாமிலேயே இறந்தார். கொள்கை யாருக்காக இருக்கிறது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. பள்ளி விளையாட்டுக்கு நெறிமுறை வகுக்க உட்காரும் எந்தக் குழுவும், பாரிஸ் கதையோடு இந்த இரண்டாவது கதையையும் படிக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் இன்றையது, வலுவானதும்கூட. எல்லாரையும் ஓட விட்டால் யாரும் வேகமாக ஓட மாட்டார்கள். திறமைக்குத் தனிக் கவனம் வேண்டும். 2004இல் வந்த நேரடிப் பள்ளிச் சேர்க்கை முறை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வருமுன்பே விளையாட்டுத் திறனுக்காக உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கச் செய்தது. படிப்பில் பின்தங்கிய, ஆனால் ஓடத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு கதவைத் திறந்தது. அந்த நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன். கூடவே வேறொன்றும் நடந்தது. பள்ளி அணியில் இருப்பது ஒரு சேர்க்கைச் சீட்டாயிற்று, அதற்குத் தனியார் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. ஆட்டத்தை 12 வயதில் முதலீடாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. புகழ் பெற்ற அணி உள்ள பள்ளியில் சாதாரணமாக ஆடும் பிள்ளைக்கு அந்த விளையாட்டில் இடமே இல்லை என்ற நிலை, காட்டனின் பிற்பகல்களுக்கு நேர் எதிரானது. சாம்பியன்களை உருவாக்கப் பள்ளி தன்னை இப்படி வளைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? 2016 ரியோ ஒலிம்பிக் நீச்சலில் 50.39 வினாடியில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஜோசப் ஸ்கூலிங், ஆங்கிலோ-சீனப் பள்ளியில் படித்தவர். ஆனால் பதின்ம வயதிலேயே அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத்தான் அந்த உயரத்தைத் தொட்டார். உச்சிக்குப் போகும் சிலருக்கு வழி வேறு. அதைக் கழகங்களும் தேசியச் சங்கங்களும் பார்த்துக்கொள்ளலாம். மீதி ஆயிரம் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு திடல் இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது சிறுமிகள் உட்கார்ந்து எழுத்துக் கற்ற காலத்தில், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே பெரிய துணிச்சல். 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வென்ற குளோரி பர்னபாஸ் ஓர் ஆசிரியை. இடைப்பட்ட சுமார் 85 ஆண்டுகளில் பெண் ஓடுவது கண்ணுக்குப் பழகிய காட்சியானதற்கு ஒரு வீராங்கனையின் வெற்றி மட்டும் போதுமா? ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சாதாரணச் சிறுமிகள் இல்ல நிறத்தில் உடை அணிந்து, பெற்றோர் பார்த்திருக்க ஓடியிருந்தால்தான் அது நடக்கும். தெரிந்தெடுத்த ஆறு பேர் மட்டும் ஓடும் பள்ளியில், மற்றப் பெண்கள் பார்வையாளர்களாகவே வளர்ந்து, பார்வையாளர்களாகவே தாய்மாராகிறார்கள்.

இந்தப் பள்ளிகளை நடத்தும் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க நிர்வாகங்களுக்கு இன்றும் தம் பள்ளிகளின் போக்கில் சொல்லுரிமை உண்டு. ஆண்டறிக்கையில் வென்ற கோப்பைகளைப் பட்டியலிடும் பக்கத்துக்கு அருகில் இன்னொரு பக்கத்தை அவர்கள் கேட்டு வாங்கலாம். எந்தப் பள்ளி அணியிலும் இடம் பெறாத மாணவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு திடலில் இறங்கினார்கள், இல்லத்துக்காக எத்தனை பேர் ஒரு புள்ளியாவது எடுத்தார்கள், ஓய்வுநாளில் எத்தனை முறை பயிற்சிக்கு அழைத்தோம், ஆட விருப்பமில்லாத பிள்ளைக்கு என்ன மாற்று வைத்தோம். இதைத் திரட்ட ஆசிரியர்களின் நேரம் வேண்டும், அணிக்கு ஒதுக்கிய திடல் நேரத்தில் கொஞ்சம் பிடுங்க வேண்டும், ஒன்றிரண்டு கோப்பைகள் கைநழுவவும் கூடும். அந்த விலையைக் கொடுக்க மிஷன் பள்ளிகள் முன்வர வேண்டும். அவை திடலைத் தேடிப் போனதே அதற்காகத்தான்.